நாலாம் வகுப்புக்கு எதிர்காலம்

ஜனவரி 20, திங்கள்

பொங்கல் லீவு முடிந்து இன்றுதான் பள்ளிக்கூடம். நாலாம் வகுப்பில் பாதிப் பேருக்குக் கரும்பு கடித்து வாயோரம் கிழிந்திருக்கிறது. மூன்று பேர் வரவே இல்லை.

கரஸ்பாண்டன்ட் சார் பிரேயர் முடிந்ததுமே கூப்பிட்டுவிட்டார். மார்ச்சில் ஆண்டு விழாவாம். நாலாம் வகுப்புப் பிள்ளைகள் மேடையில் நின்று தங்கள் எதிர்காலத்தைப் பற்றி ஆளுக்கு ரெண்டு வரி இங்கிலீஷில் பேச வேண்டும். "மனப்பாடம் மாதிரி இருக்கக் கூடாதும்மா. சொந்தமாப் பேசுற மாதிரி இருக்கணும். பேரண்ட்ஸ் அசந்து போகணும்" என்றார். அசந்து போனால் அட்மிஷன் தானாக வரும் என்பது அவர் எண்ணம். அருப்புக்கோட்டையில் இப்போது தெருவுக்கு ஒரு இங்கிலீஷ் மீடியம் வந்துவிட்டது. அவர் கவலை அவருக்கு.

நான் யோசிக்காமல் சரி என்றேன். ஃப்யூச்சர் டென்ஸ் எனக்குப் பிடித்த பாடம். பிள்ளைகள் அதில்தான் வாயைத் திறப்பார்கள்.

சாயங்காலம் தாட்சாயணியோடு நடந்து வந்தேன். அவள் மூன்றாம் வகுப்பு டீச்சர். ஒரு தட்டிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான் என்று பத்து வருடம் ஓடிவிட்டது. பந்தல்குடி ரோட்டு வீட்டை ஞாயிற்றுக்கிழமை இன்னொரு தடவை பார்த்துவிட்டு வருவோமா என்று கேட்டேன். "இந்த வாரம் வேண்டாம் சாரு, பல்லு ரொம்பப் படுத்துது" என்றாள்.

அந்த வீட்டைக் கண்டுபிடித்தது நான்தான். பெரிய முற்றம், சுற்றிலும் நாலு அறை, பின்னால் ஒரு சப்போட்டா மரம். நானும் அவளும் சேர்ந்து அங்கே ஒரு நர்சரி ஸ்கூல் ஆரம்பிக்கப் போகிறோம். எங்கள் ரெண்டு பேரையும் என் வீட்டுக்காரரையும் தவிர யாருக்கும் தெரியாது.

ஜனவரி 22, புதன்

முதலில் 'வில்'. ஆளுக்கு ஒரு வாக்கியம் கேட்டேன்.

அஜ்மல்: "டுமாரோ ஐ வில் ஃபீவர், மிஸ்." நாளைக்குக் கணக்குப் பரீட்சை.

கௌசிகா: "மை ஃபாதர் வில் கம்." அவள் அப்பா சிங்கப்பூரில். எப்போது வருவார் என்றேன். "தீபாவளிக்கு" என்றாள். பொங்கலே இப்போதுதான் முடிந்திருக்கிறது.

'வோன்ட்' சொல்லிக்கொடுத்ததும் வகுப்பு மொத்தமும் "ஐ வோன்ட் ஈட் உப்புமா" என்று கத்தியது. தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து தாட்சா சிரிப்பது கேட்டது.

ஜனவரி 25, சனி

மகிழினி இன்று முழுக்க எங்கள் வீட்டில். தாட்சாவின் மகள், என் வகுப்புதான். அவள் அப்பா மஸ்கட்டில் இருக்கிறார். தாட்சாவுக்கு விருதுநகரில் பல் வைத்தியம் நடக்கிறது, சனிக்கிழமை சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். போன வாரமும் அதற்கு முந்தின வாரமும் இப்படித்தான் விட்டுப்போனாள்.

எனக்கு ஒன்றும் சிரமமில்லை. துணி துவைத்தேன். மகிழினி பிழிந்து கொடுத்தாள், அதாவது அவள் பாவாடையை நனைத்துக்கொண்டாள். மத்தியானம் உருளைக்கிழங்கு வறுவல். என் வீட்டுக்காரர் அவளுக்கு சைக்கிள் செயின் மாட்டக் கற்றுக்கொடுத்தார். கரியும் கையுமாக ரெண்டு பேரும் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். நான் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் நின்றேன்.

தாட்சா வர ஆறு மணி ஆனது. கன்னத்தில் கையை வைத்துக்கொண்டிருந்தாள். ரசம் சாதத்தைக் குழையப் பிசைந்து கொடுத்தேன். நன்றாகச் சாப்பிட்டாள். "உன் கை மணமே தனி" என்றாள்.

ஜனவரி 28, செவ்வாய்

இன்று 'கோயிங் டு'. புத்தகத்தில் இருப்பதைவிட நான் சொல்வது பிள்ளைகளுக்குச் சுலபம். சாக்பீஸை வேண்டுமென்றே கீழே போட்டேன். "ஐ வில் டேக் இட், மிஸ்!" என்று நாலு பேர் பாய்ந்தார்கள். "பாத்தீங்களா? அந்த நிமிஷம் தோணுச்சு, அதனால வில். இப்ப ஊருக்குப் போகணும்னு டிக்கெட் எடுத்தாச்சு, பை கட்டியாச்சு. ஏற்கெனவே முடிவு பண்ணினது. அதுக்குக் கோயிங் டு."

சக்திதரன் கையைத் தூக்கினான். "ஐ ஆம் கோயிங் டு பாத்ரூம், மிஸ்."

"வாக்கியமா, நெசமாவா?"

"நெசமா மிஸ்." ஓடிவிட்டான்.

மகிழினி எழுந்து, "மை மதர் இஸ் கோயிங் டு பி ஹெச்.எம்." என்றாள்.

நான் திருத்தினேன். "ஆசைப்படுறதுக்கு 'வான்ட்ஸ் டு பி'. மை மதர் வான்ட்ஸ் டு பி. சொல்லு."

"ஆசை இல்ல மிஸ். முடிவு பண்ணியாச்சு. கோயிங் டு."

உட்காரச் சொல்லிவிட்டேன். ஆனால் சாயங்காலம் வரை எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஆக, எங்கள் ஸ்கூலைப் பற்றி மகளிடம் சொல்லி வைத்திருக்கிறாள் கள்ளி! யார் ஹெச்.எம். என்று நாங்கள் பேசியதே இல்லை. இங்கிலீஷ் எனக்கு நன்றாக வரும் என்பதால் நானாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். பரவாயில்லை. தாட்சா உயரம், காட்டன் சேலை கட்டினால் எடுப்பாக இருக்கும். அவளே இருக்கட்டும்.

இவரிடம் சொன்னேன். "உங்க ரெண்டு பேரு ஸ்கூலுக்கு யாரு ஹெச்.எம்.முனு நீங்க ரெண்டு பேரும் பேசிக்கலையா?" என்றார்.

"பேசுவோம்" என்றேன். தாட்சாவிடம் நானாகக் கேட்கப் போவதில்லை. ஏதாவது திட்டம் போட்டு வைத்திருப்பாள், அவளே சொல்லட்டும்.

பிப்ரவரி 1, சனி

மகிழினி வந்திருந்தாள். மாவு சலித்துக்கொண்டே, "அம்மா ஹெச்.எம். ஆகப் போற ஸ்கூலு என்ன கலரு?" என்று விளையாட்டாகக் கேட்டேன். "மஞ்சள். கேட் பச்சை" என்றாள் உடனே.

வெளிர்நீலம் என்று நாங்கள் பேசியிருந்தோம். மஞ்சளும் நன்றாகத்தான் இருக்கும்.

பிப்ரவரி 5, புதன்

மறுபடி 'கோயிங் டு'. கௌசிகா இந்த முறை, "மை ஃபாதர் இஸ் நாட் கோயிங் டு கம்" என்று சரியாகச் சொன்னாள். இலக்கணம் சரி. என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை.

மகிழினி: "கரஸ்பாண்டன்ட் சார் இஸ் கோயிங் டு பை எ வேன்."

"நம்ம ஸ்கூலுக்கா?"

"நோ மிஸ். ஃபார் த நியூ ஸ்கூல்."

போர்டில் எழுதிப்போட்டேன். எல்லோரும் பார்த்து எழுதினார்கள்.

வீட்டுக்கு வந்து அரிசி களைந்தேன். களைந்தோமா இல்லையா என்று சந்தேகம் வந்து மறுபடியும் களைந்தேன். அவர் வேன் வாங்கினால் நமக்கென்ன. பெரிய மனிதர், இன்னொரு பள்ளிக்கூடம் ஆரம்பிப்பார். சின்னப் பிள்ளை ரெண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறது.

பிப்ரவரி 6, வியாழன்

ஸ்டாஃப் ரூமில் தாட்சா கை முறுக்கு தின்றாள். கடித்துத்தான் தின்றாள்.

பிப்ரவரி 7, வெள்ளி

ஆண்டு விழாவுக்கு மகிழினிக்குத் தனிப் பயிற்சி தேவைப்படுகிறது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் பத்து நிமிடம் வரச் சொல்லியிருக்கிறேன். மற்ற பிள்ளைகளுக்கும் கொடுப்பேன். முதலில் மகிழினி.

பிப்ரவரி 10, திங்கள்

பயிற்சி நடந்தது. கேள்வியும் நான், பதிலுக்குத் தொடக்கமும் நான். அவள் முடிக்க வேண்டும்.

"வாட் இஸ் யுவர் மதர் கோயிங் டு டூ ஆன் சாட்டர்டே?"

"ஷி இஸ் கோயிங் டு த நியூ ஸ்கூல்."

"பல் டாக்டர்கிட்ட இல்லையா?"

"அம்மாவுக்குப் பல் வலியே இல்ல மிஸ்."

"இன் இங்கிலீஷ்."

யோசித்தாள். "டீத் இஸ் குட், மிஸ்."

"வேர் இஸ் த நியூ ஸ்கூல்?"

"பந்தல்குடி ரோடு. பிக் ஹவுஸ். தேர் இஸ் எ சப்போட்டா ட்ரீ. பழம் அணில் கடிச்சுப் போட்டுருக்கும் மிஸ், நான் ரெண்டு எடுத்தேன்."

வராந்தாவில் பிள்ளைகள் சாப்பாட்டுத் தூக்கைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஒரே சத்தம். நான் கதவைச் சாத்தினேன்.

"ஹூ வில் டீச் இங்கிலீஷ் தேர்?"

"நியூ மிஸ். ஃப்ரம் மதுரை."

அடுத்த கேள்வியைத் தமிழில்தான் கேட்டேன். "அப்ப நான்?"

மகிழினி சிரித்தாள். வேடிக்கையாக எதையோ கேட்டுவிட்டேன் என்று நினைத்தாள் போல. "நீங்க இங்கதான மிஸ் இருக்கீங்க."

பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டு, "இதெல்லாம் யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு அம்மா சொன்னாங்க. ஆனா இது இங்கிலீஷ் ப்ராக்டிஸ்தான மிஸ்?" என்றாள்.

"ஆமா. ப்ராக்டிஸ்தான்" என்றேன்.

நன்றாகப் பேசினாய் என்று சொல்லி ஒரு கடலை மிட்டாய் கொடுத்தேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

பருப்பு தீய்ந்துவிட்டது. இவர் மோரை ஊற்றிச் சாப்பிட்டார். அப்புறம், "என்னாச்சு?" என்றார். தலைவலி என்றேன்.

பிப்ரவரி 13, வியாழன்

இன்று ஸ்டாஃப் ரூமில் தாட்சா என் டிபன் பாக்ஸிலிருந்து புளியோதரை எடுத்துச் சாப்பிட்டாள். வழக்கமாக எடுப்பதுதான். "சனிக்கிழமை புள்ளைய விடட்டுமா? பல்லுக்குக் கேப் போடுறாங்களாம்" என்றாள்.

"தாராளமா விடு" என்றேன். நான் அதைச் சாதாரணமாகச் சொன்னேன். எனக்கே ஆச்சரியம்.

பிப்ரவரி 15, சனி

காலையில் மகிழினியை விட்டுவிட்டு தாட்சா ஆட்டோவில் போனாள். இவரிடம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நான் டவுன் பஸ் ஏறினேன். இறங்கி நடக்கும்போதுகூட, அங்கே யாரும் இருக்க மாட்டார்கள், திரும்பி வந்து தோசைக்கு ஊறப்போட வேண்டும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கேட் பச்சையாக இருந்தது. ஈரம் காயவில்லை.

உள்ளே சாரம் கட்டி ரெண்டு பேர் சுவரில் மஞ்சள் அடித்துக்கொண்டிருந்தார்கள். தாட்சா முற்றத்தின் நடுவில் நின்று, "ஜன்னலுக்கு மேல விட்டுப்போச்சு பாருங்கண்ணே" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சேலையை ஏற்றிச் செருகியிருந்தாள். என்னைப் பார்த்ததும் செருகலை எடுத்துவிட்டாள்.

"எப்ப வந்த சாரு?"

"பல்லு எப்படி இருக்கு?" என்றேன்.

அவள் பெயின்டர்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "பின்னால வா, பேசுவோம்" என்று மரத்தடிக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஒரு பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்காரச் சொன்னாள். வீட்டுக்காரி விருந்தாளியை உட்காரச் சொல்வது மாதிரி. நான் உட்காரவில்லை.

"இந்த வீடு கரஸ்பாண்டன்ட் சாருக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் சொன்னேன்."

பொய் சொல்வாள், நான் சண்டை போடலாம் என்று வந்திருந்தேன். அவள் இப்படிச் சொன்னதும் அடுத்து என்ன கேட்பது என்றே தெரியவில்லை.

அவளே பேசினாள். "அவரு ப்ராஞ்ச் தொடங்க எடம் பாத்துக்கிட்டு இருந்தாரு. ஹெச்.எம். போஸ்ட் தரேன்னாரு. ஒத்தையில புள்ளைய வச்சுக்கிட்டு நான் எத்தன நாளைக்கு மூணாங்கிளாஸ்லயே கிடப்பேன்?"

"நம்ம ஸ்கூலு?"

"எந்த ஸ்கூலு சாரு? நீயும் நானும் இந்த வீட்ட எத்தன தடவ பாத்துருப்போம்? பாத்துட்டுப் பாத்துட்டு வருவோம். பெஞ்சு எங்க போடலாம், ஊஞ்சல் எங்க மாட்டலாம்னு பேசுவோம், டீ குடிப்போம். ஒரு தடவையாவது ஹவுஸ் ஓனர்கிட்ட போயி, 'நாங்க எடுத்துக்கறோம்'னு சொன்னியா? நான் சொல்லச் சொன்னப்பெல்லாம், 'அடுத்த மாசம், அடுத்த மாசம்'ன."

அது உண்மைதான். அதை எழுதிவைக்கிறேன். ஆனால் நான் தயங்கியது நல்லபடியாகச் செய்ய வேண்டும் என்பதற்காக.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே தாட்சா."

"சொன்னா அழுவ. நீ அழுதா நான் விட்டுருவேன். அதான் சொல்லல."

இதைச் சொல்லும்போது அவள் கண் கலங்கியது. எனக்குக் கலங்கவில்லை. இப்போது எழுதும்போது வருகிறது.

"சனிக்கிழமை சனிக்கிழமை புள்ளைய என் வீட்டுல விட்டுட்டு வந்துதானே இதெல்லாம் செஞ்ச?"

"வேற யார்கிட்ட விடுவேன்? இந்த ஊருல உன்னைய விட்டா நான் யார நம்புறேன்?"

அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே சொன்னாள். அதுதான் தாங்கவில்லை. ஒரு பெயின்டர் வந்து, டிஸ்டெம்பர் இன்னொரு டப்பா வேண்டும் என்றார். வாங்கிக்கொள்ளச் சொல்லி அனுப்பினாள். பிறகு என் பக்கம் திரும்பி, "உனக்கு யாரு சொன்னா?" என்றாள்.

ஹவுஸ் ஓனர் என்று சொல்லியிருக்கலாம். பஸ்ஸில் போகும்போது பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம்.

"உன் மக" என்றேன்.

தாட்சாவின் முகம் மாறியதைப் பார்த்தேன். அந்த நேரம் எனக்கு அது வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்தபோது மகிழினியும் இவரும் காரம் போர்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். "நீங்க எங்க மிஸ் போனீங்க?" என்றாள். கடைக்கு என்றேன். கையில் பையில்லை, அவள் கவனித்தாள். அவளுக்குத் தலை பின்னிவிட்டேன். இன்று அவள் அம்மா ஆறு மணி வரை காத்திருக்கவில்லை. கொஞ்ச நேரத்திலேயே வந்து, படி ஏறாமல் வாசலிலிருந்தே கூப்பிட்டுக் கூட்டிப்போனாள்.

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காரம் காய்களை டப்பாவில் போட்டு மூடிவிட்டு, "புள்ள பேரச் சொல்லியிருக்க வேண்டாம்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. என்னை ஏமாற்றியது யார் என்று இவருக்குப் புரியவில்லையா?

பிப்ரவரி 17, திங்கள்

மகிழினி வரவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

வந்தாள். முன் பெஞ்சில் உட்காரும் பிள்ளை, கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். இடது முழங்கைக்கு மேல் சிவந்து தடித்திருந்தது. ஸ்கேலாக இருக்கும். தாட்சா பிள்ளையை அடித்து நான் பார்த்ததில்லை.

வகுப்பில் வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனேன். நாளைக்கு என்ன செய்வாய், அடுத்த வருடம் என்ன செய்வாய். மகிழினியிடம் வந்ததும் அவள் எழுந்து நின்றாள். பொதுவான கேள்விதான், "வாட் வில் யூ டூ டுமாரோ?"

"தெரியாது மிஸ்."

"இங்கிலீஷ்ல சொல்லும்மா."

"ஐ டோன்ட் நோ, மிஸ்."

அஜ்மல் பின்னால் திரும்பி, "ஸ்கூலுக்கு வருவேன்னு சொல்லு, லூசு" என்று எடுத்துக்கொடுத்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு வருவேன் என்றுகூடச் சொல்லவில்லை.

உட்கார் என்றேன். அதற்குப் பிறகு பாடம் ஓடவில்லை. படம் வரையச் சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 19, புதன்

கரஸ்பாண்டன்ட் சார் கூப்பிட்டனுப்பினார். நின்றுகொண்டிருந்தேன், உட்காருங்கள் என்று சொல்லவில்லை.

"கிளாஸ்ல புள்ளைங்ககிட்ட வீட்டு விஷயமெல்லாம் கேக்குறீங்களாமே."

"ஃப்யூச்சர் டென்ஸ் ப்ராக்டிஸ் சார். நீங்கதான் சொந்தமாப் பேசணும்னு சொன்னீங்க."

"கதவச் சாத்திட்டா?"

நான் கதவைத் திரும்பிப் பார்த்தேன்.

"நாளையிலேருந்து நீங்க எல்.கே.ஜி. பாத்துக்கோங்க. நாலாங்கிளாஸ தாட்சாயணி டீச்சர் சேத்துப் பாத்துக்குவாங்க." பேனாவை மூடினார். "தனியா ஸ்கூல் ஆரம்பிக்கிற ஐடியா இருக்காம்ல உங்களுக்கு? கேள்விப்பட்டேன். நல்ல விஷயம்மா. ஜூன்லேருந்து உங்களுக்கு நேரமும் இருக்கும்."

மிகவும் மரியாதையாகச் சொன்னார். நானும் நன்றி சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். எதற்கு நன்றி சொன்னேன் என்று தெரியவில்லை.

என் வேலை போனது பெரிதாகத் தெரியவில்லை. என் யோசனையை அவரிடம் சொன்னவள், அதில் தன் பங்கையும் சொல்லியிருப்பாளா? இதுதான் நாள் முழுக்க ஓடியது. நிச்சயம் சொல்லியிருக்க மாட்டாள்.

பிப்ரவரி 24, திங்கள்

எல்.கே.ஜி. ஒரு பையன் என் சேலையில் வாந்தி எடுத்தான். ரெண்டு பேர் அம்மா வேண்டும் என்று மத்தியானம் வரை அழுதார்கள். இவர்களுக்கு நாளை என்று ஒன்று இல்லை. அம்மா சாயங்காலம் வருவாள் என்றால், "இப்ப" என்கிறார்கள்.

வராந்தாவுக்கு அந்தப் பக்கம் நாலாம் வகுப்பு சேர்ந்து சொல்வது கேட்கிறது. "ஐ வில் பி எ டாக்டர். ஐ வில் சர்வ் த பூர்." எல்லாப் பிள்ளைகளும் ஒரே ராகத்தில்.

மார்ச் 8, சனி

ஆண்டு விழா. எனக்கு வேலை எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு வண்ணத்துப்பூச்சி இறக்கை கட்டுவது. பின் குத்திக் குத்தி விரல் எல்லாம் ஓட்டை.

நாலாம் வகுப்பை மேடையின் ஓரத்திலிருந்து பார்த்தேன். டாக்டர், கலெக்டர், இன்ஜினியர், டாக்டர், டாக்டர். சக்திதரன் வரியை மறந்துவிட்டு, "ஐ வில் பி எ பஸ்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். சிரிப்பும் கைதட்டலும் அவனுக்குத்தான் அதிகம்.

மகிழினி ஏழாவதாக வந்தாள். பச்சைப் பட்டுப் பாவாடை. தாட்சா கீழே முதல் வரிசையில் நின்று உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். மகிழினி அதைப் பார்த்தபடி, தப்பில்லாமல், சத்தமாகச் சொன்னாள். டாக்டர், ஏழைகள், எல்லாம். முடித்துவிட்டுத் திரும்பும்போது ஓரத்தில் என்னைப் பார்த்தாள். நான் சிரித்தேன். அவள் சட்டென்று கீழே நிற்கும் அம்மாவைப் பார்த்தாள், நான் சிரித்ததை அவள் பார்த்துவிட்டாளா என்று.

விழா முடிவில் கரஸ்பாண்டன்ட் சார் புதிய கிளையை அறிவித்தார். ஹெச்.எம். திருமதி தாட்சாயணி. பெற்றோர் கைதட்டினார்கள். என் மடியில் ஒரு வண்ணத்துப்பூச்சி தூங்கிக்கொண்டிருந்ததால் நான் தட்டவில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

கடைசி நாள். அலமாரியைக் காலி செய்தேன். தாட்சா கதவு வரை வந்து நின்றாள். "சாரு" என்றாள். நான் பையில் டம்ளரை வைத்துக்கொண்டிருந்தேன். "ஏதாச்சும் பேசு. திட்டவாவது செய்" என்றாள்.

திட்ட எவ்வளவோ இருந்தது. ராத்திரி எல்லாம் படுத்தபடி அவளைத் திட்டியிருக்கிறேன், அழகழகாக. நேரில் நின்றதும் ஒன்றும் வரவில்லை. "புள்ளைய அடிக்காத" என்று மட்டும் சொன்னேன்.

அவள் முகம் கடுத்தது. "அத நீ சொல்றியா?" என்றாள். போய்விட்டாள்.

மே 12, திங்கள்

பாலவநத்தம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷுக்கு ஆள் கேட்டார்கள். போய்ப் பேசிவிட்டு வந்தேன். ஜூனில் சேர வேண்டும். பஸ்ஸில் நின்றுகொண்டே போக வேண்டியிருக்கும். இவர், "நம்ம வீட்டு ஹாலிலயே சாயங்காலம் நாலு புள்ளைங்களுக்குச் சொல்லிக்குடேன்" என்கிறார். பார்க்கலாம் என்று வாய் வரை வந்தது. "இந்த ஞாயித்துக்கிழமையே போர்டு எழுதிருவோம்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

மே 26, திங்கள்

போர்டு எழுதியாயிற்று. இதுவரை மூன்று பிள்ளைகள்.

ஜூன் 8, ஞாயிறு

ஜாக்கெட் வாங்க டெய்லர் கடைக்குப் போனேன். பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், கடை முழுக்க யூனிஃபார்ம் துணி. உள்ளே தாட்சா, டெய்லரிடம் அளவு சொல்லிக்கொண்டு எனக்கு முதுகு காட்டி நின்றாள். வாசல் பெஞ்சில் மகிழினி.

வளர்ந்துவிட்டாள். முன்பல் ஒன்று புதிதாக முளைத்திருக்கிறது. என்னைப் பார்த்ததும் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டாள், டீச்சர் வகுப்புக்குள் வந்தால் எழுவது போல.

திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன். போயிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, மெல்லிய குரலில் சொன்னாள்:

"உங்ககிட்ட பேசக் கூடாதுன்னு அம்மா சொல்லிருக்காங்க மிஸ்."

"சரிம்மா. பேசாத."

அவள் உட்காரவில்லை. பாவாடை நுனியைத் திருகிக்கொண்டு நின்றாள். தையல் மிஷின் ஓடி நின்றது. மறுபடி ஓடியது.

"நீங்க பேசலாம்ல மிஸ்?"

நாலு மாதமாக நான் என் பக்கத்து நியாயத்தை எத்தனை பேரிடமோ மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். தாட்சாவிடம், கரஸ்பாண்டன்ட் சாரிடம், பஸ்ஸில் ஜன்னல் கம்பியிடம்கூட. இந்தப் பிள்ளையிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. அவளுக்கு என் நியாயம் எதற்கு?

குனிந்து, அவள் காது பக்கம் போய்ச் சொன்னேன். "நீ எந்தத் தப்பும் பண்ணல மகிழினி. உன்கிட்ட கேட்டதுதான் தப்பு. மிஸ் மேலதான் தப்பு."

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். ஏதோ கேட்க வாய் எடுத்தாள். பேசக் கூடாது என்பது நினைவு வந்து வாயை இறுக மூடிக்கொண்டாள். பிறகு தலையை மட்டும் ஆட்டினாள். ஒரு தடவை இல்லை, நிறையத் தடவை.

உள்ளே, "மகிழு, வா, அளவு எடுக்கணும்" என்று அவள் அம்மா கூப்பிட்டாள். ஓடிவிட்டாள்.

ஜாக்கெட்டை வாங்காமலே வந்துவிட்டேன். இவரைத்தான் அனுப்ப வேண்டும்.